கோணிக்குள் இருந்த பூனை

பைக்குள் அடைத்த பூனையை வெளியே விட்டுவிடுதல் என்னும் ஆங்கிலத் தொடர், மறைத்து வைத்த செய்தியைத் தவறுதலாகவோ வேண்டுமென்றோ வெளிப்படுத்திவிடுவதைக் குறிப்பது என்று தமிழகத்துப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறார்கள். இத்தகைய தொடர்களைத் தமிழில் மரபுத்தொடர் என்பர். ஒரு தொடரிலுள்ள சொற்களின் நேர்ப்பொருளைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்காத வேறொரு பொருள், நெடுநாள் வழக்கினால் அத்தொடருக்கு ஏறிவிடுமானால் அது மரபுத்தொடர் ஆகிறது. பூனையும் பையும் எங்கிருந்து வந்தன, பைக்குள் பூனையை அடைத்தவர் யார், அது வெளியே வந்ததும் எந்த இரகசியம் உடைந்தது என்ற கேள்விகளுக்குப் பாடநூல் விடை சொன்னதில்லை. கேள்வி கேட்டவர்களும் மிகச் சிலரே.

இத்தொடரின் பயன்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. கொலை, களவு போன்ற கொடிய குற்றங்கள் அம்பலமாகும்போது ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் இதைக் கையாள்வதில்லை. பரிசுப் பொருள், திருமணப் பேச்சு, வேலையை விட்டு விலகும் எண்ணம், அலுவலகத்தில் இன்னும் அறிவிக்கப்படாத பதவி உயர்வு என்று, சிறிது காலம் பொத்தி வைத்து உரிய வேளையில் சொல்ல நினைத்த செய்தியை ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிடும்போதுதான் இது இயல்பாக வந்து பொருந்துகிறது. குடும்பத்தில் நெடுங்காலமாகப் புதைந்து கிடக்கும் அவமானத்துக்கு அவர்கள் வேறொரு தொடர் வைத்திருக்கிறார்கள். அது அலமாரிக்குள் இருக்கும் எலும்புக்கூடு. பூனை உயிருள்ளது, துள்ளி ஓடுவது, ஓடியபின் பிடித்து மீண்டும் அடைக்க முடியாதது. எலும்புக்கூடோ கதவு திறக்கும் வரை அசையாமல் காத்திருப்பது. இரண்டையும் ஒரே பொருளில் எழுதிவைக்கும் கைந்நூல்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

நியாயவிலைக் கடையின் வாசலில், அரிசி கொட்டிய பின் உதறி மடித்து அடுக்கிய கோணிச் சாக்குகளிலிருந்து எழும் நெடி, சணலும் தவிடும் பழைய ஈரமும் கலந்தது. அந்த நெடி, எழுபது வயதை நெருங்கும் ஒருவரை வரிசையில் நின்றபடியே அறுபது ஆண்டுகள் பின்னுக்கு இழுத்துச் செல்ல வல்லது. அப்படி நின்ற ஒரு நாள் காலையில் அவர் கையில் மடித்து வைத்திருந்த நாளிதழின் அரசியல் செய்தி ஒன்றின் தலைப்பில், பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டதாக அச்சாகியிருந்தது. சாக்கும் பூனையும் ஒரே நேரத்தில் எதிர்ப்பட்ட அந்தக் காலைப்பொழுதே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். இதில் இடம்பெறும் நினைவுகளும் அவருடையவையே.

அவர் படித்தது கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் இருந்த ஒரு சிற்றூர்ப் பள்ளி. எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பாக இருந்த காலம் அது. ஆங்கிலம் இரண்டாம் தாளில் மரபுத்தொடர்களுக்குப் பொருள் எழுதிச் சொந்த வாக்கியத்தில் அமைக்க வேண்டியிருந்தது. சொந்த வாக்கியம் என்று பெயரே தவிர, ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்ட ஒரே வாக்கியத்தை நாற்பது பேரும் எழுதினார்கள். ஆசிரியருடைய மேசையின்மேல் இருந்த நூல் ரென் அண்ட் மார்ட்டின். இந்தியப் பள்ளிகளில் இலக்கணத்துக்கு மறுபெயர் போலவே ஆகிவிட்ட அந்நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான பெர்சிவல் கிறிஸ்டஃபர் ரென், பம்பாய் மாகாணத்தில் கல்விப் பணி ஆற்றியவர். 1924இல் வெளிவந்த போ ஜெஸ்ட் என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதியவரும் அவரே. ஒரு வீட்டிலிருந்து காணாமற்போன நீலக்கல்லை எடுத்தது யார் என்ற இரகசியத்தை மூன்று சகோதரர்கள் பாலைவனம் வரை சுமந்து செல்வதே அந்நாவலின் கதை. இரகசியத்தைக் கடைசிப் பக்கங்கள் வரை காப்பாற்றத் தெரிந்த ஒருவருடைய பெயரைத் தாங்கிய நூலின் வழியாகவே இந்திய மாணவர்களின் ஆங்கிலம் வளர்ந்தது என்பது அன்று அந்த வகுப்பில் எவருக்கும் தெரியாது.

கரும்பலகையில் எழுதப்பட்ட வாக்கியத்தின் கருத்து, அண்ணனுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்த பிறந்தநாள் விருந்தைப் பற்றித் தம்பி வாய்தவறிச் சொல்லிவிட்டான் என்பது. மாணவர்களுக்கு அதில் பூனையைவிட விருந்துதான் பெரிய புதிராக இருந்தது. அவ்வூரில் பிறந்தநாள் என்பது ஆங்கிலத் தேதியைப் பார்த்து வருவதில்லை. நட்சத்திரம் பார்த்து, தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கோயிலில் ஓர் அர்ச்சனை செய்து, வீட்டில் ஒரு பாயசம் வைத்தால் முடிந்துவிடும். அதில் மறைக்க என்ன இருக்கிறது, வெளிவர என்ன இருக்கிறது? ஒருவருக்குத் தெரியாமல் அவருக்கே மகிழ்ச்சியைத் தயாரித்து வைக்கும் வழக்கம் தமிழ் வீடுகளுக்குள் வருவதற்கு இன்னும் சில பத்தாண்டுகள் இருந்தன. இன்று அதே தெருவில் நள்ளிரவில் கேக் வெட்டுகிறார்கள். கரும்பலகையின் வாக்கியம் காலந்தாழ்ந்து பொருள் பெற்றிருக்கிறது.

இத்தொடரின் பிறப்பைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இங்கிலாந்தின் கிராமச் சந்தையைச் சார்ந்தது. பன்றிக்குட்டியைக் கோணிப்பைக்குள் கட்டி விற்ற வணிகர்களுள் சிலர் குட்டிக்குப் பதிலாக மலிவான பூனையை அடைத்துக் கொடுத்துவிடுவர் என்றும், வாங்கியவர் அவ்விடத்திலேயே கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டால் பூனை வெளியே தாவ, மோசடி வெளிப்பட்டுவிடும் என்றும் அவ்விளக்கம் கூறுகிறது. பொருளைக் கண்ணால் பார்க்காமல் வாங்கும் ஏமாளித்தனத்தைக் குறிக்கப் பைக்குள் இருக்கும் பன்றிக்குட்டியை வாங்குதல் என்றொரு பழமொழி ஆங்கிலத்தில் உண்டு. ஜான் ஹேவுட் என்பவர் 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த பழமொழித் திரட்டில் அதற்கு இடமுண்டு. அப்பழமொழியில் பையைக் குறிக்கும் போக் என்ற பழஞ்சொல்லோடு சிறுமை குறிக்கும் விகுதி சேர்ந்து பிறந்ததே, இன்று தமிழர் சட்டையிலும் இருக்கும் பாக்கெட்.

ஐரோப்பாவின் பிற மொழிகள் இவ்விளக்கத்துக்கு வலுச்சேர்ப்பது போலத் தோன்றுகின்றன. ஜெர்மானியரும் டச்சுக்காரரும் போலந்து நாட்டினரும் ஏமாந்து வாங்குவதைப் பைக்குள் இருக்கும் பூனையை வாங்குதல் என்றே சொல்கிறார்கள். ஸ்பானியர் முயலுக்குப் பதில் பூனையைக் கொடுத்தல் என்கிறார்கள். 1515இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அச்சேறிய, டில் ஆய்லன்ஷ்பீகல் என்னும் குறும்பனைப் பற்றிய ஜெர்மன் கதைநூலில், அவன் உயிருள்ள பூனையை முயல்தோலுக்குள் வைத்துத் தைத்து, லைப்சிக் நகரத்துத் தோல் வணிகர்களிடம் முயல் என்று விற்றுவிடும் கதை ஒன்று இருக்கிறது. வேட்டை விளையாட்டுக்காக அவர்கள் அதன்மேல் நாய்களை ஏவியதும் அந்த முயல் மரத்தில் ஏறி மியாவ் என்று கத்தியதாம். ஆங்கிலத் தொடர் இரகசியம் வெளிப்படும் பொருளில் எழுத்தில் கிடைப்பதோ மிகவும் பிற்காலத்தில்தான்; அகராதிகள் காட்டும் தொடக்கச் சான்று, 1760இல் தி லண்டன் மேகசின் இதழில் வந்த ஒரு நூல் மதிப்புரை. பூனைக்கும் பன்றிக்குட்டிக்கும் எடையும் குரலும் அசைவும் வேறுவேறாக இருக்க, இந்த ஏமாற்று வேலை சந்தைதோறும் நடந்திருக்கும் என்று நம்புவது கடினம் என்று ஐயுறுவோரும் உள்ளனர். அந்த ஐயம் நியாயமானதே. உண்மை நிகழ்ச்சியிலிருந்து அன்று, எல்லோரும் கேட்டுச் சிரித்த ஒரு கதையிலிருந்தே தொடர் பிறந்திருக்கலாம் என்று கொள்வது பொருத்தமாகப் படுகிறது.

கடற்படையைச் சார்ந்த மற்றொரு விளக்கமும் உண்டு. கப்பலில் தவறு செய்த மாலுமியை அடிக்கப் பயன்பட்ட, ஒன்பது பிரிகளைக் கொண்ட சவுக்குக்குப் பூனை என்று பெயர். அது துணிப்பைக்குள் வைக்கப்பட்டிருந்து தண்டனை வேளையில் வெளியே எடுக்கப்பட்டது. ஆனால் சவுக்கு வெளியே வந்தால் அடி விழும் என்பதைத் தவிர அங்கே இரகசியம் எதுவும் இல்லை. ஆகவே இவ்விளக்கத்தை ஒதுக்கிவிடலாம்.

அரசலாற்றங்கரை வகுப்பில் இருந்த சிறுவர்களுக்கோ பூனையைக் கோணியில் அடைப்பது கதையன்று. வீட்டில் கண்ட காட்சி. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அந்நாளில், காய்ச்சிய பாலும் தயிரும் உறியில் தொங்கின. உறி என்பது விட்டத்திலிருந்து கயிற்றால் தொங்கவிடப்பட்டு, பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாங்கும் பின்னல். உறிவரை தாவக் கற்றுக்கொண்ட பூனையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பூனையைக் கொல்வது பெரும் பாவம் என்ற நம்பிக்கை இருந்ததால் அடித்து விரட்டவும் மனம் வராது. எனவே கருவாட்டுத் துண்டைக் காட்டிக் கோணிக்குள் வரவழைத்து, வாயைச் சணலால் கட்டி, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டு வருவார்கள். கொண்டுபோகும் முன் கோணியைத் தலைக்குமேல் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போதுதான் பூனைக்குத் திசை மறக்கும் என்பார்கள். ஆற்றைக் கடந்து விட்டால் திரும்பாது என்பது இன்னொரு துணிபு.

இங்கேதான் இரு நாட்டுக் கோணிகளும் வேறுபடுகின்றன. ஆங்கிலேயக் கோணி பூனையை மனிதர் கண்ணிலிருந்து மறைத்தது. காவிரிக் கரையின் கோணி, வழியைப் பூனையின் கண்ணிலிருந்து மறைத்தது. முன்னதில் முடிச்சை அவிழ்த்தால் இரகசியம் உடைகிறது; பின்னதில் முடிச்சை அவிழ்த்தபின்தான் இரகசியம் தொடங்குகிறது. பாடநூலின் தொடரைக் கேட்டபோது அந்த வகுப்பு ஏன் குழம்பியது என்பதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டியதில்லை.

தமிழுக்கென்று இரகசியத்தின் சொற்கள் இல்லாமல் இல்லை. குட்டு வெளிப்பட்டது என்பதில் வரும் குட்டு, தலையில் விழும் குட்டு அன்று. மறைபொருள் என்னும் பொருளுடைய இச்சொல் தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே பொருளில் வழங்குகிறது. சாயம் வெளுத்தது என்பது, சாயத் தொட்டியில் விழுந்து நீலநிறமாகி அரசு செய்த பஞ்சதந்திர நரியை நினைவூட்டுவது. எல்லாவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது அம்பலமாதல் என்னும் தொடர். அம்பலம் என்பது ஊரார் கூடும் பொதுவிடம், வழிப்போக்கர் தங்கும் திறந்த மண்டபம். வீட்டுக்குள் இருக்க வேண்டிய பேச்சு அங்கே போய்விட்டால் அது அம்பலம் ஏறிவிட்டது. தில்லையில் கூத்தன் ஆடும் அவைக்கும் அம்பலம் என்றே பெயர். அவ்வம்பலத்திலேயே, அவர் திருமேனிக்கு அருகில், வெளிப்புறம் கறுப்பும் உட்புறம் சிவப்புமான திரையை விலக்கினால் பொன் வில்வ மாலைகள் தொங்கும் வெறுவெளி தென்படும். அதுவே சிதம்பர இரகசியம். எவராலும் அறியமுடியாத செய்தியைச் சிதம்பர இரகசியம் என்றும், எல்லோரும் அறிந்துவிட்டதை அம்பலம் என்றும் ஒரே தலத்தோடு தொடர்புடைய இரு சொற்களால் தமிழர் சுட்டுகிறார்கள். திரையை விலக்கிய பின்னும் இரகசியம் இரகசியமாகவே நிற்கும் இக்காட்சிக்கு ஈடான தொடர் ஆங்கிலத்தில் தேடினாலும் அகப்படுவது அரிது.

ஆங்கிலத் தொடருக்குச் சந்தை தாயகம் என்றால் தமிழிலும் சந்தை சார்ந்த ஒன்று உண்டு: கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்தே தீரும். பெரும்பாலும் பெண்களிடையே, மறைத்த காதலையோ கருவையோ குறித்துத் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்ட பழமொழி இது. இதில் ஏமாற்றுபவர் இல்லை, முடிச்சை அவிழ்ப்பவர் இல்லை, வாய்தவறிய தம்பியும் இல்லை. காலம் ஒன்றே போதும். சந்தைக்குள்ளேயே இரகசியத்தைக் காப்பாற்றும் கலையும் தமிழரிடம் இருந்தது. மணப்பாறை, பொள்ளாச்சி போன்ற ஊர்களின் மாட்டுச் சந்தைகளில், தரகர் தம் தோள்துண்டை விரித்து, அதன்கீழ் மாட்டுக்காரரின் கையைப் பற்றி, விரல்களை அழுத்தி விலை பேசுவார். சுற்றி நிற்கும் ஐம்பது பேருக்கும் தொகை தெரியாது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குவதை 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூல் குழூஉக்குறி என்று வகுக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும் யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். துண்டின்கீழ் நடக்கும் பேச்சைக் கைவிரல்களின் குழூஉக்குறி எனலாம்.

இத்தகைய சொல்வளம் இருந்தும் ஆங்கிலப் பூனை தமிழுக்குள் வந்தது. வந்தபோது உருமாறியும் வந்தது. நாளிதழ்களும் மேடைப் பேச்சும் கையாளும் வடிவம், பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது என்பதே. வளர்ந்த பூனை குட்டியாயிற்று. பை அடியோடு மறைந்தது. மூன்றாவது மாற்றமே முதன்மையானது: ஆங்கிலத்தில் ஒருவர் பூனையை வெளியே விடுகிறார், ஆகவே பிறவினை, தமிழில் குட்டி தானே வெளியே வருகிறது, ஆகவே தன்வினை. செய்பவர் ஒருவரைச் சுட்டி, அவர் கவனக்குறைவையும் சேர்த்துச் சொல்லும் ஆங்கிலத் தொடர், தமிழ்ப் பழக்கத்துக்குள் நுழைந்ததும் கத்தரிக்காயின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. மொழிபெயர்ப்புத் தொடர்களைப் பழிப்பவர்கள் இந்தப் பூனைக்குட்டியையும் பழிப்பதுண்டு. அது நேர்ப்பெயர்ப்பு அன்று என்பதையும், வந்த இடத்தின் வழக்குக்கு இணங்கி வளர்ந்த உயிர் என்பதையும் கருதினால் அப்பழிப்புக்கு இடமில்லை.

இன்று உறிகள் இல்லை, விட்டமும் இல்லை. வெளிச்சந்தை அரிசி பெரும்பாலும் பிளாஸ்டிக் பைகளில் போகிறது. தெருவுக்கு ஒன்றாக இருந்த மாவு மில்லும் ஊருக்கு ஒன்றாக இருந்த ரைஸ் மில்லும் பூட்டிக் கிடக்க, அடுக்குமாடியில் வளரும் பூனை ஒன்றுக்குத் தவிட்டு மணம் என்னவென்றே தெரியாது. ஆனால் நியாயவிலைக் கடைச் சாக்கின் நெடியில் அந்த முதியவருக்கு நினைவில் எழுந்தது ரைஸ் மில்லே. அதற்குக் காரணம் அவர் ஏழு வயதில் காப்பாற்றிய ஓர் இரகசியம்.

சாம்பல் நிறப் பூனை ஒன்று உறியைக் கவிழ்த்துவிட்டதால், அதை ஆற்றுக்கு அப்பால், ஐயனார் கோயிலையும் தாண்டி விட்டு வரும்படி அப்பாயி சொன்னார். சித்தப்பா கோணியை மூன்று சுற்றுச் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டினார். சிறுவன் முன்கம்பியில் உட்கார்ந்தான். சைக்கிள் ஆற்றங்கரைப் பக்கமே திரும்பவில்லை. நான்காவது தெருவின் முனையில் இருந்த ரைஸ் மில்லின் பின்வாசலில் நின்றது. அங்கே எலித் தொல்லை பெருகி, மூட்டைக்கு மூட்டை ஓட்டையாகி, மில்லின் இயந்திரக்காரர் ஒரு பூனைக்காக வாரக்கணக்கில் சொல்லிவைத்திருந்தார். முடிச்சு அவிழ்ந்ததும் பூனை தவிட்டுக் குவியலின் மேலே பாய்ந்து, பெல்ட்டின் இரைச்சலுக்கு அஞ்சி மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தது. திரும்பும் வழியில் சித்தப்பா சிறுவனுக்கு ஒரு கமர்கட் வாங்கிக் கொடுத்து, “அப்பாயிகிட்ட மூச்சு விடக்கூடாதுடா” என்றார். அன்றிரவு, ஆற்றைக் கடந்தாயிற்றா என்று அப்பாயி கேட்டபோது, ஆயிற்று என்றார் சித்தப்பா. சிறுவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் வாய் திறக்கவே இல்லை. பள்ளியில் சொல்லவில்லை, விளையாட்டில் சொல்லவில்லை, தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து இரண்டு இரவுகள் தாயின் பக்கத்தில் படுக்காமல் திண்ணையில் தாத்தாவின் பாயில் போய்ப் படுத்தான்.

ஆறாம் நாள் மாலை, விளக்கேற்றும் வேளையில், பூனை கொல்லைப்புற வழியாக உள்ளே வந்தது. அப்பாயி அதைத் துரத்த விளக்குமாற்றை எடுத்தவர், எடுத்த கையை நிறுத்தினார். பூனையின் முதுகிலும் காதுமடல்களிலும் மீசையிலும் மெல்லிய பழுப்புத் தூசி படிந்திருந்தது. அப்பாயி குனிந்து, அதன் முதுகை ஒரு விரலால் வழித்து, விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு விளக்குமாற்றை அதன் மூலையில் சாத்திவிட்டு, கொட்டாங்குச்சியில் கொஞ்சம் பால் ஊற்றி வாசற்படிக்குக் கீழே வைத்தார். அடுக்களைக்குள் திரும்பி வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவின் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டபடி கேட்டார்:

“ஏன்டா, ரைஸ் மில்லுல தவிடு என்ன விலை?”